பலாமரத்து உறுப்பினர்கள்

தொழிலாளர் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதல் வாரம் சட்டம் பாடம் நடத்தும். இரண்டாவது வாரத்திலிருந்து தொலைபேசி நடத்தும். சட்டம் கரகரத்த குரலில் பேசும். தொலைபேசி தேன் குடித்த குரலில் பேசும். "ஒண்ணும் அவசரம் இல்லை மேடம். இன்னைக்கே முடிச்சிடுங்க, அவ்வளவுதான்" என்று கேட்டுக்கொள்ளும். எதை எழுத்தில் கேட்க முடியாதோ அதைத்தான் குரலில் கேட்பார்கள். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே உங்கள் பயிற்சியில் பாதி முடிந்தது.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இனி யாரும் எனக்குக் குறிப்பாணை அனுப்ப முடியாது என்ற துணிச்சலில், ஜவ்வாது மலையில் நான் நடத்திய ஒரு விசாரணையைச் சொல்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளாது. அரசு ஊழியருக்குப் பரபரப்பு கூடாது என்று நடத்தை விதிகளில் எங்கும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

என் பிறந்த வீடு வாணியம்பாடி. தோல் வியாபாரக் குடும்பம். தொழிற்சங்கம் என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டதே சாப்பாட்டு வேளையில், வசவாக. அந்த வீட்டுப் பெண்ணை, தொழிற்சங்கங்களைப் பதிவு செய்யவும் பதிவை ரத்து செய்யவும் அதிகாரமுள்ள நாற்காலியில் அரசு கொண்டுபோய் உட்கார வைத்தது. அரசுக்கு நகைச்சுவை உணர்ச்சி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மலைமேல் ஒரு கூட்டுறவுச் சங்கம் இருந்தது. பெயர்தான் கூட்டுறவு, நிர்வாகக் குழு முழுவதும் அரசு நியமனம். அவர்களுடைய புளிக்கூடத்தில் சுற்றுப்பக்க ஊர்ப் பெண்கள் புளியைத் தட்டி, கொட்டை எடுத்து, பொட்டலம் போட்டார்கள். அவர்கள் சேர்ந்து ஒரு தொழிற்சங்கம் பதிவு செய்தார்கள். கோரிக்கை பெரிதாக ஒன்றுமில்லை. மேல் ஊர்களுக்குப் போகும் கடைசி பஸ் வருவதற்கு முன்னால் வேலையை விட வேண்டும். பஸ்ஸை விட்டால் கரடி நடமாடும் காட்டுவழியில் நடந்து வீடு சேர வேண்டும். கரடிக்கு வேலைநேர விதிகள் தெரியாது.

இந்தத் தொழிற்சங்கத்தில் மேலிடத்துக்கு ஒரே ஒரு குறைதான். எந்தக் கட்சிக் கொடியும் இல்லை. கொடி இருந்தால் அந்தக் கட்சிக்காரரைக் கூப்பிட்டுப் பேசி அடக்கிவிடலாம். கொடியே இல்லாதவர்களை யாரை வைத்து அடக்குவது? ஆகவே அவசர அவசரமாகப் 'பணியாளர் நலச் சங்கம்' என்று இன்னொன்று முளைத்தது. அதன் தலைவர், புளிக்கூட மேலாளரின் மச்சான். கலசப்பாக்கத்துக்காரர். புளியைச் சாம்பாரில் மட்டும் பார்த்தவர்.

அடுத்து எனக்குத் தொலைபேசி வந்தது. மலைமேல் உள்ள தொழிற்சங்கம் காகிதத்தில் மட்டும் இருக்கிறதாம், உறுப்பினர்களே கிடையாதாம், புகார் வந்திருக்கிறதாம். உறுப்பினர் எண்ணிக்கை சட்டம் சொல்லும் அளவுக்குக் கீழே போனால் பதிவை ரத்து செய்யலாம். விதி சரி. புகார் வந்தால் சரிபார்க்க வேண்டியது என் கடமை. அதுவும் சரி. இந்த இடத்தைக் கவனியுங்கள்: உங்களைத் தப்புச் செய்யச் சொல்ல மாட்டார்கள். சரியான வேலையைத் தப்பான நாளில், தப்பான ஆள் பக்கத்தில் நிற்கும்போது செய்யச் சொல்வார்கள்.

எங்கள் ஆய்வாளர் குமரேசன் மலையேறினார். நேர்மையான மனிதர், ஒரு டீ கூட வாங்கிக் குடிக்க மாட்டார். நம் துறையில் வண்டி இல்லாததால் வட்டார வளர்ச்சி அலுவலகத்து ஜீப்பை இரவல் வாங்கிப் போனார். பெண்களை வரிசையாக நிறுத்தி, மேலாளர் பக்கத்தில் நிற்க, இரண்டு கேள்வி கேட்டார். யூனியனில் இருக்கிறீர்களா? எல்லோரும் இல்லை என்றார்கள். சங்கத்தில் இருக்கிறீர்களா? எல்லோரும் ஆமாம் என்றார்கள். குமரேசன் அப்படியே அறிக்கை கொடுத்தார்: தொழிற்சங்கத்தில் ஒருவரும் இல்லை, நலச் சங்கத்தில் அனைவரும் இருக்கிறார்கள்.

அறிக்கையின் நகல் என் மேசைக்கு வருவதற்கு முன்பே மேலாளர் கைக்குப் போய்விட்டது. நம் துறையில் தபால் மெதுவாகத்தான் போகும். நகல் மட்டும் பறக்கும். மறுநாளே அவர் தொழிற்சங்கத் தலைவி அஞ்சலையை வாசலில் நிறுத்தி, "சங்கமே இல்ல, நீ எதுக்குத் தலைவி? வேலைல கலாட்டா பண்ற ஆளு, அவ்ளோதான். வூட்டுக்குப் போ" என்று அனுப்பிவிட்டார். பதிவு ரத்தானால் அவருக்காக வாதாட ஓர் அமைப்பும் இருக்காது. அஞ்சலையின் வேலை அந்தப் பதிவு எண்ணில் தொங்கிக்கொண்டிருந்தது.

ரத்து ஆணையின் வரைவு என் மேசையில் தயாராக இருந்தது. கையெழுத்துப் போடும் முன் அறிக்கையை இன்னொரு முறை படித்தேன். உறுப்பினர் இல்லை என்று சொன்னவர்களில் ஒரு பெயர் அஞ்சலை. தலைவியே உறுப்பினர் இல்லையாம்! மிரட்டினால் பாதிப் பேர் மாற்றிச் சொல்வார்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் பஸ்ஸுக்காக மேலாளரோடு மல்லுக்கு நின்ற ஒரு பெண், முகத்துக்கு நேரே தன் சங்கத்தையே மறுப்பாளா? எங்கேயோ ஒரு திருகு கழன்றிருந்தது. நானே விசாரணைக்குப் போவதாக நோட்டீஸ் அனுப்பினேன்.

உடனே தேன் குரல். "போங்க மேடம், தாராளமா. ஆனா கேள்வியை மட்டும் மாத்திடாதீங்க. ஆய்வாளர் கேட்ட அதே கேள்வி. இல்லாட்டி நீங்க அவங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிடும்."

"நிச்சயமா சார். ஒரு எழுத்துகூட மாத்த மாட்டேன்" என்றேன். மாற்றவும் இல்லை.

குமரேசனோடு நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. கூடத்தின் வாசலுக்கு வெளியே, ரோட்டோரத்தில், தடித்த ஒரு பலாமரம். அதன் அடியில் அஞ்சலை தனியாக நின்றிருந்தார். நெட்டையான உடம்பு, இடுப்பில் செருகிய முந்தானை, எவரையும் முறைத்துப் பார்க்கும் கண். அவரைத்தான் முதல் சாட்சியாகக் கூப்பிட்டேன்.

மேலாளர் குறுக்கே வந்தார். "அவங்க இப்ப வேலைல இல்லியே மேடம்."

"நீங்க நிறுத்தினதாலதான் வேலையில இல்லை. நிறுத்தினது செல்லுமான்னு முடிவாகிற வரைக்கும் அவங்க தொழிலாளிதான். உட்காருங்க."

கூடத்துக்குள் பெண்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். புளி வாசனையில் எனக்கு வாய் ஊறிக்கொண்டிருந்தது. நீதிபதி நாற்காலிக்கு அது அழகில்லை. விழுங்கிக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டேன். "நீங்க யூனியன்ல இருக்கீங்களா?"

"நானா?" என்றார் அஞ்சலை. "நான் எதுக்கு மேடம் யூனியனுக்குப் போறேன்?"

மேலாளர் புன்னகை செய்தார். மச்சான் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். குமரேசன் என்னைப் பார்த்தார், 'நான்தான் சொன்னேனே' என்பதுபோல.

கேள்வியை மாற்றக் கூடாது என்றுதான் சொன்னார்களே தவிர, பதிலுக்குப் பொருள் கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை. சாட்சி சொன்ன சொல்லுக்குச் சாட்சியிடமே விளக்கம் கேட்பது எந்த விசாரணையிலும் அதிகாரியின் உரிமை. "யூனியன்னா என்னம்மா?" என்றேன்.

அஞ்சலை என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இன்னா மேடம், படிச்சவங்க இப்டி கேக்கறீங்க? ஜமுனாமரத்தூர்ல மஞ்ச கட்டடம் கீதே, அதான் யூனியன் ஆபீஸு. பிடிஓ ஒக்கார்ற எடம். அங்க போய் நூறு நாள் வேலைக்குப் பேரு குடுத்தா இங்க வேலை கெடையாதுன்னு இவருதான் சொல்லி வச்சிருக்காரு. அன்னிக்கி இந்த சாரு வந்து எறங்கனதே யூனியன் ஜீப்புலதான். எறங்கி நின்னு, யூனியன்ல கீறியான்னு கேட்டா, எந்த மகராசி ஆமான்னு சொல்லுவா?"

கூடமே சிரித்தது. குமரேசனின் பேனா நின்றுவிட்டது. எனக்குத் தலைக்குள் பட்டாசு வெடித்தது. ஊராட்சி ஒன்றியம்! நாம் 'யூனியன்' என்று தொழிற்சங்கத்தைச் சொல்கிறோம்; அந்த மலையில் யூனியன் என்றால் அரசாங்கக் கட்டடம். நேர்மையான ஓர் ஆய்வாளர், நேர்மையான பெண்களிடம், நேர்மையாகக் கேட்டு, முழுப் பொய்யை எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்.

"சரி. சங்கத்துல இருக்கீங்களா?"

"ஆமா. இத்தன வருசமா சங்கத்துலதான் புளி தட்டிக்கினு கீறேன். இவரு தொரத்தி வுட்டாரு."

இப்போது நான் மேலாளர் பக்கம் திரும்பினேன். குரலைத் தேனில் தோய்த்துக்கொண்டேன். யாரிடம் கற்றது என்று உங்களுக்குத் தெரியும். "சார், உங்க பொறுப்பு என்ன?"

"சங்கத்துல மேனேஜர் மேடம்."

"எந்தச் சங்கம்?"

நெஞ்சை நிமிர்த்தினார். "இந்த மலையில சங்கம்னா அது ஒண்ணுதான் மேடம். நாங்கதான் சங்கம்."

மச்சான் பலமாக இருமினார். தாமதமான இருமல். குமரேசன் எழுதி முடித்துவிட்டார், அடிக்கோடு உட்பட. மேலாளர் வாயாலேயே பதிவாகிவிட்டது: சங்கத்தில் இருக்கிறேன் என்று சொன்ன பெண்கள் எல்லோரும், இந்தக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்கிறேன் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார்கள். யூனியன் என்ற சொல்லில் வட்டார அலுவலகம் குடியிருக்கிறது, சங்கம் என்ற சொல்லில் முதலாளி குடியிருக்கிறார். தொழிலாளி தன் அமைப்புக்கு வைத்துக்கொள்ள ஒரு சொல்லைக்கூட அரசாங்கம் மிச்சம் வைக்கவில்லை.

"அப்போ நீங்க எல்லாரும் சேர்ந்து பதிவு பண்ணினீங்களே, அதுக்கு இங்க என்னம்மா பேரு?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அஞ்சலைக்கே சற்று வெட்கம் வந்துவிட்டது. "பலாமரம், மேடம்."

"பலாமரமா?"

"பின்ன? வக்கீலு எய்தின பேரு நாக்குல நிக்குமா? முழுசா சொல்றதுக்குள்ள பஸ்ஸு போய்டும். சோறு துன்ன அந்த மரத்தடியிலதான் ஒக்காருவோம். அங்கதான் பேசனோம். புதுசா ஒருத்தி வந்தா, 'பலாமரத்துல கீறியாடி?'ன்னு கேப்போம். அவ்ளோதான்."

இந்த இடத்தில் அவசரப்படும் அதிகாரி என்ன செய்வார்? எழுந்து நின்று, "பலாமரத்தில் இருப்பவர்கள் கை தூக்குங்கள்" என்பார். எனக்கும் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது மச்சானின் செல்போனைப் பார்த்தேன். கை தூக்கும் ஒவ்வொருத்தியும் அந்தப் படத்தில் விழுவாள். மறுநாள் அஞ்சலைக்குத் துணையாக வாசலில் நிற்பாள். உண்மையைக் கண்டுபிடிப்பது மட்டும் நம் வேலை இல்லை. அதைச் சொன்னவர் அடுத்த நாளும் வேலைக்கு வரும்படி கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொருவரையும் தனியாக, மேலாளர் இல்லாத இடத்தில் கேட்பேன் என்று அறிவித்தேன்.

மேலாளர் அதற்குள் சுதாரித்துக்கொண்டார். தனி அறையா, சாவி செங்கத்தில் இருக்கிறதாம். இப்போது சரக்கு ஏற்ற லாரி வருகிறதாம், கூடம் நின்றால் சங்கத்துக்கு நட்டமாம், வேலை முடிந்ததும் எல்லோரையும் சாவகாசமாகக் கேட்கலாமாம். அவர் இடம், அவர் வேலைநேரம்; மறுக்க எனக்கு அதிகாரம் இல்லை. காத்திருந்தேன். லாரி வரவில்லை. வெயில் சாய்ந்தது. வேலை முடிந்தது என்று அவர் சொன்ன அதே நிமிடம் வளைவில் ஹாரன் கேட்டது.

கடைசி பஸ்!

பெண்கள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். மேலாளர் என் பக்கத்தில் வந்து பணிவோடு சொன்னார்: "விசாரணைல கலந்துக்காதவங்க உறுப்பினர் இல்லன்னு எழுதிடலாமே மேடம். ரூல் அப்டித்தானே?"

ரூல் அப்படித்தான். அந்த நொடியில்தான் எனக்கு அவர் மேல் உண்மையான மரியாதை வந்தது. இருந்து சொன்னால் காட்டு வழி. போய்விட்டால் சங்கம் காலி. எந்தப் பஸ்ஸுக்காகச் சங்கம் வைத்தார்களோ அந்தப் பஸ்ஸை வைத்தே சங்கத்தை முடிக்கிறார். என் கைப்பையில் தொலைபேசி அடித்தது. எடுக்காமலே யார் என்று தெரிந்தது.

விசாரணை எங்கே நடக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. அதிகாரி எங்கே உட்காருகிறாரோ அதுவே விசாரணை மன்றம். நான் கேட்க வேண்டியவர்கள் எல்லோரும் ஒரே வண்டியில் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வண்டியில் முதலாளி இல்லை.

"குமரேசன், ஓடுங்க!" என்றேன். நானும் ஓடினேன். இந்த வயதில், சேலையில், கோப்போடு.

நடத்துநர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா மேடம், ரெய்டா?"

"விசாரணை. பின்னால ரெண்டு பேர் சீட் எனக்கு வேணும்."

"லேடீஸ்னா ஃப்ரீதான், விசாரணையா இருந்தாலும். ஏறுங்க."

நலச் சங்கத் தலைவர் என்ற முறையில் உடனிருக்க மச்சானுக்கு உரிமை உண்டு. கேட்கப்படுபவர் யார் என்று பார்க்கலாம், பதிலைக் கேட்க முடியாது என்று சொல்லி அவரையும் முன்பக்கத்தில் ஏற்றிக்கொண்டேன். அவருக்கு மட்டும் டிக்கெட். மேலாளர் ரோட்டில் நின்று என்னவோ கத்தினார். அஞ்சலை கடைசியாகத் தொற்றிக்கொண்டு பஸ்ஸின் தகரத்தில் ஓங்கித் தட்டினார். "போலாம் ரைட்!"

என் வாழ்நாளில் அதைப் போல ஒரு மன்றத்தை நான் பார்த்ததில்லை. பஸ் உறுமிக்கொண்டு ஏறியது. ஒவ்வொரு பெண்ணாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எஞ்சின் சத்தத்தில் காதோடு வாய் வைத்தால்தான் கேட்கும். ரகசிய வாக்கெடுப்புக்கு இதைவிட நல்ல மறைப்பை எந்த அரசாங்கமும் செய்து தந்ததில்லை. "யூனியன்?" "இல்ல." "சங்கம்?" "ஆமா." "பலாமரம்?"

"ஆமா மேடம். மேனேஜருக்குச் சொல்ல மாட்டீங்களே?"

"ஆமா. எங்க வூட்டுக்காரருக்குத் தெரியாது."

"இல்ல மேடம். ஆசைதான், பயம்மா கீது." அதை இல்லை என்றே எழுதச் சொன்னேன். பயத்துக்கும் பதிவில் இடம் உண்டு.

"ஆமா ஆமா ஆமா! மூணு தபா எய்திக்குங்க!"

குமரேசன் முழங்காலில் அட்டையை வைத்து எழுதினார். வளைவுக்கு வளைவு எழுத்து கோட்டைத் தாண்டி ஓடியது. மூன்றாவது வளைவில் மச்சானின் முகம் வெளிறிவிட்டது. நான்காவதில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். மலைப்பெண்கள் அவருக்கு நார்த்தங்காய் கொடுத்து முதுகைத் தடவினார்கள். 'எதிர்த்தரப்புப் பிரதிநிதி விசாரணை முழுவதும் உடனிருந்தார்' என்று பதிவு செய்தேன். எந்த நிலையில் உடனிருந்தார் என்று சட்டம் கேட்கவில்லை.

தொலைபேசி ஒரு மேட்டில் உயிர் பெற்றது. "மேடம், பஸ்ல..." என்றது தேன் குரல். அடுத்த வளைவில் செத்தது. ஜவ்வாது மலையில் சிக்னல் இல்லாதது பற்றிப் பலரும் புகார் சொல்கிறார்கள். நான் சொன்னதில்லை.

அஞ்சலை மட்டும் என் பக்கத்தில் வந்து உட்காரவில்லை. மற்றவர்கள் வரிசை கலையாமல் பார்த்துக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றார். தன் ஊர் வந்ததும் இறங்கிவிட்டார். நான் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "அஞ்சலை! நீங்க சொல்லவே இல்லையே!" என்று கத்தினேன்.

அவர் ரோட்டில் நின்று திரும்பினார். ரகசியம் காப்பதற்கு அவருக்கு இனி எதுவும் இல்லை. மலைக்கே கேட்கும்படி சொன்னார்: "பலாமரத்துக்கு நான்தான் தலைவி! பெருசா எய்திக்குங்க!"

என் ஆணை சுருக்கமானது. தேவையான எண்ணிக்கைக்கு மேலேயே உறுப்பினர்கள் இருக்கிறார்கள், ரத்து நடவடிக்கை கைவிடப்படுகிறது, பதிவு தொடர்கிறது. ஆணையின் விளக்கப் பகுதியில் ஒரு வரி சேர்த்தேன்: 'இவ்விசாரணையைப் பொறுத்தவரை பலாமரம் என்னும் சொல் மேற்படி பதிவு பெற்ற தொழிற்சங்கத்தையே குறிக்கும்.' என் பணிக்காலத்தில் அரசு முத்திரையோடு நான் எழுதிய ஒரே நல்ல வாக்கியம்.

"பஸ்ல விசாரணையா மேடம்? கேலிக்கூத்தா இல்ல?" என்றார் மேலிடத்தார், நேரில்.

"பஸ் கூடாதுன்னு விதி இருந்தா எழுத்துல கொடுங்க சார். திருத்திக்கிறேன்."

எழுத்தில் வந்தது என் இடமாற்ற ஆணை மட்டும். அதை எதிர்பார்த்திருந்தேன்; பெட்டி பாதி கட்டியாகிவிட்டது. உங்களுக்கும் வரும். நடைமுறை தெரிந்தவர்களை வேறு எப்படியும் தண்டிக்க முடியாது என்பதால் ஊர் மாற்றுகிறார்கள். புது ஊரில் முதல் வேலையாக, யாரிடமும் கேள்வி கேட்பதற்கு முன்னால், உங்கள் சட்டச் சொற்களில் அந்த ஊரில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். ஜீப் இரவல் வாங்கினால் அதன் கதவில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை, எந்தக் கோப்பும் இல்லாமல், அதே கடைசி பஸ்ஸில் போனேன். அதே நடத்துநர். வளைவு திரும்பும் முன்பே படியில் நின்று கூவத் தொடங்கிவிட்டார்: "பலாமரம் வருது, பலாமரம்! எடம் வுடுங்க!"

நான் குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேலை விட்டு, புளிக்கூடத்தின் கதவு ஏற்கெனவே திறந்துதான் கிடந்தது. பெண்கள் ஓடவில்லை. மரத்தடியில் நின்று ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு கடைசியாக ஏறிய அந்த நெட்டையான பெண்ணின் விரல்களில் புளிக்கறை ஈரம் காயாமல் இருந்தது. என்னை அவர் கவனிக்கவில்லை. ஓங்கித் தகரத்தில் தட்டினார்.

"போலாம் ரைட்!"